ஒரு பானைச் சோற்றுக்கு எந்தச் சோறு பதம்?
அமெரிக்க அதிபர் தேர்தல் கணிப்புகள் கற்றுத்தரும் புள்ளியியல் பாடம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. சோறு வெந்துவிட்டதா என்று அறியப் பானை முழுவதையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தால் போதும். புள்ளியியலில் நாம் கற்பிக்கும் ‘மாதிரி எடுத்தல்’ என்ற கருத்து இதற்குள் அடங்கிவிடுகிறது. பானை முழுமைத் தொகுதி, பருக்கை மாதிரி.

ஆனால் இந்தப் பழமொழி ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். அடியில் குழைந்தும் மேலே அரிசியாகவும் இருக்கும் பானையில், மேலாக ஒரு பருக்கையை எடுத்தாலும் ஒரு கரண்டி எடுத்தாலும் கிடைப்பது தவறான விடைதான். எத்தனை பருக்கை எடுத்தோம் என்பதைவிட, எங்கிருந்து எடுத்தோம் என்பது முக்கியம்.

இதை மாணவர்களுக்குப் புரியவைக்கத் தேர்தல் கணிப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. காரணம் எளிமையானது. பெரும்பாலான கணக்கெடுப்புகள் சரியா தவறா என்று சோதிக்க வழி கிடையாது. தேர்தல் கணிப்புக்கோ சில நாட்களிலேயே விடைக்குறிப்பு வந்துவிடுகிறது. அமெரிக்க அதிபர் தேர்தல்களில் நூறாண்டுகளாகக் கணிப்புகள் நடந்துவருகின்றன. அவற்றில் சில பெரிய அளவில் பொய்த்தும் இருக்கின்றன. அந்தத் தோல்விகள் நம் வகுப்பறைக்கு நல்ல பாடங்கள்.

யாருக்கு, எந்தப் பாடத்தில்?

ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதத்தில் புள்ளியியலையும் நிகழ்தகவையும் நடத்தும்போது இக்கட்டுரையை முழுமையாகப் பயன்படுத்தலாம். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் தரவுகளைத் திரட்டும் பாடத்தோடு 1936-ஆம் ஆண்டுக் கதையையும் முதல் இரண்டு செயல்பாடுகளையும் இணைக்கலாம். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குப் புளியங்கொட்டைச் செயல்பாடு மட்டுமே போதும். சமூக அறிவியலில் தேர்தல், மக்களாட்சி ஆகிய பாடங்களை நடத்தும் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து இரண்டு பாடவேளைகளில் நடத்தினால் இன்னும் சிறப்பு.

பாடத்தின் முடிவில் மாணவர்கள் பின்வருவனவற்றைச் செய்ய முடிய வேண்டும்:

• முழுமைத் தொகுதிக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குதல்.
• ஒரு கணக்கெடுப்பைப் பற்றிக் கேட்டவுடன் “யாரைக் கேட்டார்கள்? யார் பதில் சொல்லவில்லை?” என்று வினவுதல்.
• 70 விழுக்காடு வாய்ப்பு என்பதற்கும் உறுதி என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல்.

1936: ஒரு கோடிப் பேரிடம் கேட்டும் பொய்த்த கணிப்பு

லிட்டரரி டைஜஸ்ட் என்பது அமெரிக்காவில் 1890-இல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற வார இதழ். ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கு முன்பும் மக்களுக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, திரும்பி வந்தவற்றை எண்ணி முடிவை அறிவிக்கும். 1920, 1924, 1928, 1932 என நான்கு தேர்தல்களிலும் யார் வெல்வார் என்று அது சரியாகச் சொன்னது. அதனால் அதன் கணிப்புக்கு நாடு முழுவதும் மதிப்பு இருந்தது.

1936-இல் அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனநாயகக் கட்சியின் சார்பில் மீண்டும் போட்டியிட்டார். அவரை எதிர்த்துக் குடியரசுக் கட்சியின் சார்பில் நின்றவர் கான்சாஸ் மாநில ஆளுநர் ஆல்ஃப் லாண்டன். டைஜஸ்ட் இதழ் ஏறக்குறைய 1 கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. அவற்றில் சுமார் 24 லட்சம் திரும்பி வந்தன.  இருவருக்கும் கிடைத்த சீட்டுகளை மட்டும் கணக்கிட்டால் லாண்டனுக்கு 57 விழுக்காடு, ரூஸ்வெல்ட்டுக்கு 43 விழுக்காடு. லாண்டன் எளிதாக வெல்வார் என்பதே அந்த எண்கள் சொன்ன செய்தி.

நவம்பரில் தேர்தல் முடிவு வந்தது. பதிவான மொத்த வாக்குகளில் ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 விழுக்காடு பெற்றார். இருவருக்கும் இடையே மட்டும் பிரித்துப் பார்த்தால் அவர் பங்கு 62 விழுக்காட்டுக்கும் மேல். அன்றிருந்த 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை மெயின், வெர்மான்ட் என்ற இரண்டு மட்டுமே. தேர்வாளர் குழுவின் வாக்குகள் 523-க்கு 8. டைஜஸ்டின் கணிப்பு ஏறக்குறைய 19 விழுக்காட்டுப் புள்ளிகள் தவறியிருந்தது. 1938-இல் அந்த இதழ் வெளிவருவதே நின்றுபோனது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, “24 லட்சம் பேரைக் கேட்டும் எப்படித் தவறியது?” என்று மாணவர்களிடம் கேளுங்கள். “மக்கள் பொய் சொல்லியிருப்பார்கள்”, “கடைசி நேரத்தில் மனம் மாறியிருப்பார்கள்”, “சரியாக எண்ணியிருக்க மாட்டார்கள்” என்று பல விடைகள் வரும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு கீழே உள்ள இரண்டு காரணங்களுக்கு வரலாம்.

முதல் காரணம்: பட்டியலில் இல்லாதவர்கள்

ஒரு கோடிப் பேரின் முகவரி டைஜஸ்டுக்கு எங்கிருந்து கிடைத்தது? தொலைபேசிப் புத்தகங்கள், மோட்டார் வாகனப் பதிவுப் பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலும் எடுத்தார்கள். 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து நாடு இன்னும் மீளாத காலம் அது. லட்சக்கணக்கானோர் வேலையின்றி இருந்தார்கள். வீட்டில் தொலைபேசியும் வாசலில் காரும் வைத்திருந்தவர்கள் ஓரளவு வசதியானவர்கள். ரூஸ்வெல்ட்டின் திட்டங்களோ வேலையற்றோருக்கும் எளிய மக்களுக்கும் உதவ வந்தவை. ஆகவே, அவருக்கு வாக்களிக்க இருந்தவர்களில் பலர் அந்தப் பட்டியல்களுக்குள்ளேயே வரவில்லை.

“அப்படியென்றால் முந்தைய நான்கு தேர்தல்களில் எப்படிச் சரியாக வந்தது?” என்று ஒரு மாணவர் கேட்டால் மகிழுங்கள். அது மிக நல்ல கேள்வி. முந்தைய தேர்தல்களில் வசதியுள்ளோரும் இல்லாதோரும் வாக்களித்த விதத்தில் இவ்வளவு பெரிய பிளவு இல்லை. பானை ஓரளவு சீராக வெந்திருந்ததால் எங்கிருந்து எடுத்தாலும் பதம் தெரிந்தது. 1936-இல் பானை இரண்டு பதமாகப் பிரிந்திருந்தது. ஒரு முறை நான்கு தடவை பலித்துவிட்டது என்பதாலேயே அந்த முறை சரியானது என்று ஆகிவிடாது.

இரண்டாம் காரணம்: பதில் சொல்லாதவர்கள்

இது பல புத்தகங்களில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் காரணம். ஆனால் நமக்கு இதுவே முக்கியம். ஒரு கோடிச் சீட்டுகளில் 24 லட்சம் திரும்பின என்றால், 76 லட்சம் பேர் மௌனமாக இருந்தார்கள்.

சிகாகோ நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே டைஜஸ்ட் தொலைபேசிப் புத்தகத்தை நம்பவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்தே மூன்றில் ஒருவருக்குச் சீட்டு அனுப்பியது. அதாவது, பட்டியலில் குறை இல்லை. அவர்களில் சுமார் 20 விழுக்காட்டினர் பதில் அனுப்பினர். அப்பதில்களில் பாதிக்கும் மேல் லாண்டனுக்கு ஆதரவு. தேர்தலில் அதே நகரம் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்தது. 1937-இல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பின் தரவுகளைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோதும் இதே உண்மைதான் வெளிப்பட்டது. டைஜஸ்டின் சீட்டு கிடைத்தவர்கள் எல்லோரும் பதில் அனுப்பியிருந்தால், வெல்பவர் ரூஸ்வெல்ட் என்றாவது அந்த இதழ் சரியாகச் சொல்லியிருக்கும்.

இதை மாணவர்களுக்கு ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு ஊரில் 1,000 வாக்காளர்கள். 600 பேர் அ-வின் ஆதரவாளர்கள்; 400 பேர் ஆ-வின் ஆதரவாளர்கள். எல்லோருக்கும் சீட்டு போகிறது. ஆட்சி மாற வேண்டும் என்ற வேகத்தில் இருக்கும் ஆ ஆதரவாளர்களில் 40 விழுக்காட்டினர் பதில் அனுப்புகிறார்கள்: 160 சீட்டுகள். அமைதியாக இருக்கும் அ ஆதரவாளர்களில் 15 விழுக்காட்டினரே அனுப்புகிறார்கள்: 90 சீட்டுகள். வந்தவை மொத்தம் 250. அவற்றில் ஆ-வுக்கு 64 விழுக்காடு! ஊரில் 40 விழுக்காடு ஆதரவு மட்டுமே உள்ளவர், திரும்பி வந்த சீட்டுகளில் பெரிய வெற்றி பெறுகிறார். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் தவறாக எண்ணவில்லை. பட்டியலிலும் பிழை இல்லை. பதில் சொன்னவர்களும் சொல்லாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்பதுதான் பிரச்சினை.

எண்ணிக்கை எவ்வளவு உதவும்?

அதே 1936-இல் ஜார்ஜ் காலப் என்பவர் சுமார் 50,000 பேரைக் கொண்ட மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் 56 விழுக்காடு பெறுவார் என்றார். அவரும் சில புள்ளிகள் தவறினார். ஆனால் வெல்பவரைச் சரியாகச் சொன்னார். இன்னொரு வியப்பும் உண்டு. டைஜஸ்ட் பயன்படுத்தவிருந்த அதே வகைப் பட்டியல்களிலிருந்து வெறும் 3,000 பேரைத் தேர்ந்து கேட்டு, “டைஜஸ்டின் கணிப்பில் ரூஸ்வெல்ட்டுக்கு 44 விழுக்காடு வரும்” என்று முன்கூட்டியே அறிவித்தார். வந்தது 43. அதாவது, ஒரு கோடிச் சீட்டு அனுப்பிப் பெற்ற தவறான விடையை 3,000 பேரைக் கேட்டே பெற்றிருக்கலாம்!

உயர்நிலை வகுப்பில் இங்கே ஓர் எளிய வாய்பாட்டைத் தரலாம். சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல்போல ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்பு கிடைக்கும்படி எடுத்த மாதிரியின் அளவு n எனில், பிழை வரம்பு தோராயமாக 1/√n. நூறு முறை இப்படி மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை உண்மை விடை இந்த வரம்புக்குள் இருக்கும்.

n = 100 எனில் பிழை வரம்பு 10 விழுக்காடு
n = 400 எனில் 5 விழுக்காடு
n = 2,500 எனில் 2 விழுக்காடு
n = 10,000 எனில் 1 விழுக்காடு

பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். ஆயிரம் பேரைக் கேட்டால் ஏறக்குறைய 3 விழுக்காட்டுப் பிழையோடு ஒரு பெரிய நாட்டின் கருத்தைச் சொல்லிவிட முடிவது இதனால்தான். பிறகு n = 24 லட்சம் என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிழை வரம்பு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவாக வரும். டைஜஸ்டின் உண்மையான பிழை 19 புள்ளிகள். இந்த வாய்பாடு குலுக்கலால் வரும் பிழையை மட்டுமே அளக்கும். மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வை அது காட்டாது. மாதிரியைப் பெரிதாக்கினாலும் சாய்வு குறையாது.

1948: முன்கூட்டியே நிறுத்திய கேள்வி

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் காலப்பின் முறையும் சறுக்கியது. 1948-இல் அதிபர் ஹாரி ட்ரூமனை எதிர்த்துத் தாமஸ் டூயி போட்டியிட்டார். டூயி வெல்வார் என்றே முன்னணிக் கணிப்பாளர்கள் எல்லோரும் சொன்னார்கள். வென்றவர் ட்ரூமன், ஏறக்குறைய 50 விழுக்காட்டுக்கு 45. வாக்குகள் எண்ணி முடியும் முன்பே சிகாகோ ட்ரிபியூன் நாளிதழ் டூயி வென்றதாகத் தலைப்பிட்டு அச்சடித்துவிட்டது. அந்த இதழை ட்ரூமன் சிரித்தபடி உயர்த்திப் பிடிக்கும் ஒளிப்படம் உலகப் புகழ் பெற்றது.

காரணங்களில் இரண்டை வகுப்பில் பேசலாம். ஒன்று, காலம். எல்மோ ரோப்பர் என்ற கணிப்பாளர் செப்டம்பரிலேயே இனிக் கேட்கத் தேவையில்லை என்று முடிவு செய்தார். காலப்பும் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்திவிட்டார். இடைப்பட்ட நாட்களில் மக்களின் மனம் மாறியது. இரண்டாவது, மாதிரியைத் தேர்ந்த முறை. ‘இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இந்த வயதினர் இத்தனை பேர்’ என்று ஒதுக்கீடு கொடுத்துவிட்டு, அவர்களில் யாரைக் கேட்பது என்பதைக் களப்பணியாளரிடமே விட்டார்கள். மனிதர்கள் இயல்பாகவே எளிதில் பேசக் கிடைப்பவர்களைத்தான் தேடிப் போவார்கள். அதன் பிறகே தேர்வைக் குலுக்கலிடம் ஒப்படைக்கும் சமவாய்ப்பு முறைக்குக் கணிப்பாளர்கள் மாறத் தொடங்கினார்கள்.

2016, 2020: பழைய சிக்கல், புதிய வடிவம்

2016-இல் ஹிலாரி கிளிண்டன் வெல்வார் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. வென்றவர் டொனால்டு டிரம்ப். “கணிப்புகள் எல்லாம் பொய்” என்று பலரும் பேசினார்கள். மாணவர்கள் இதைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும்.

நாடு தழுவிய கணிப்புகளின் சராசரி, கிளிண்டன் சுமார் 3 புள்ளிகள் முன்னிலை என்றது. உண்மையில் அவர் 2 புள்ளிகள் முன்னிலை பெற்றார். டிரம்ப்பைவிடச் சுமார் 28 லட்சம் வாக்குகள் அதிகம். அந்த அளவில் கணிப்பு மோசமில்லை. ஆனால் அமெரிக்காவில் அதிபரைத் தீர்மானிப்பது நாட்டின் மொத்த வாக்கு அன்று. 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் கிடைப்பார்கள். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா என்ற மூன்று மாநிலங்களில் டிரம்ப் வென்ற வித்தியாசத்தைக் கூட்டினால் சுமார் 78,000 வாக்குகள்தான். அதுவே முடிவைத் தீர்மானித்தது.

அம்மாநிலக் கணிப்புகள் ஏன் தவறின? ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களுள் ஒன்று ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது. கல்லூரிப் படிப்பு உள்ளவர்கள் கருத்துக்கணிப்புகளுக்கு அதிகமாகப் பதில் சொல்கிறார்கள். படிப்பு குறைந்தவர்கள் குறைவாகச் சொல்கிறார்கள். 2016-இல் இந்த இரு பிரிவினரும் வெவ்வேறு பக்கம் சாய்ந்தார்கள். பல மாநிலக் கணிப்புகள் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவில்லை. கடைசி வாரத்தில் முடிவு செய்தவர்கள் டிரம்ப் பக்கம் சாய்ந்ததும் ஒரு காரணம்.

நிகழ்தகவுப் பாடத்துக்கும் இங்கே இடமுண்டு. ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற நிறுவனம் கிளிண்டனுக்கு 71 விழுக்காடு, டிரம்ப்புக்கு 29 விழுக்காடு வாய்ப்பு என்றது. வேறு சிலர் கிளிண்டனுக்கு 98, 99 விழுக்காடு என்றார்கள். ஒரு பையில் 7 சிவப்பு, 3 நீலப் பந்துகள் இருக்கின்றன. பார்க்காமல் ஒன்றை எடுத்தபோது நீலம் வந்தால் அதிசயப்படுவோமா? 29 விழுக்காடு என்பது ஏறக்குறைய அதுதான். 100 பந்துகளில் ஒன்றோ இரண்டோதான் நீலம் என்று சொன்னவர்களே தங்கள் கணக்கை மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது.

2020-இல் பல நிறுவனங்கள் படிப்பு வேறுபாட்டைச் சரிசெய்தன. வெல்பவர் ஜோ பைடன் என்பதையும் சரியாகச் சொன்னார்கள். ஆனாலும் அவருடைய முன்னிலையை மிகைப்படுத்தினார்கள். கடந்த 40 ஆண்டுகளில் நாடு தழுவிய கணிப்புகள் இவ்வளவு பிழைத்ததில்லை. இதற்கு ஒரே காரணத்தை உறுதியாகச் சுட்ட முடியவில்லை. ஆனால் கணிப்பாளர்களையே நம்பாதவர்கள் பதில் சொல்ல மறுத்திருக்கலாம் என்ற ஐயம் வலுவாக உள்ளது. பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் எடுத்த கணக்கெடுப்புகளில் 1997-இல் 36 விழுக்காட்டினர் பதில் சொன்னார்கள். 2018-இல் 6 விழுக்காட்டினர் மட்டுமே. 1936-இல் டைஜஸ்டுக்கு 24 விழுக்காடாவது வந்தது என்பதை நினைவூட்டுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: புளியங்கொட்டைத் தேர்தல் (தொடக்க வகுப்பு முதல்)

200 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 80-இல் வெள்ளை வண்ணப் புள்ளி வையுங்கள். புள்ளி இல்லாத 120-ஐ ஒரு பாத்திரத்தின் அடியில் போட்டு, புள்ளி வைத்தவற்றை மேலே பரப்புங்கள். கலக்காமல் மேலிருந்து 20 எடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் புள்ளிக் கொட்டைகள். “இன்னும் நிறைய எடுத்தால் சரியாகுமா?” என்று கேட்டு 60 எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் எல்லாம் புள்ளிக் கொட்டைகளே. டைஜஸ்டின் தவறு குழந்தைகளின் கண்முன் தெரியும்.

இப்போது எல்லாவற்றையும் திரும்பப் போட்டு நன்கு கலக்குங்கள். ஒவ்வொரு குழுவும் கண்ணை மூடி 20 எடுத்து, எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். புள்ளி இல்லாதவை பெரும்பாலான குழுக்களுக்கு 9 முதல் 15 வரை கிடைக்கும். எல்லாக் குழுக்களின் எண்களையும் கூட்டினால் 60 விழுக்காட்டை நெருங்கும். சிறு வகுப்பினர் இதைப் படவிளக்கமாகவும் பெரிய வகுப்பினர் அலைவெண் அட்டவணையாகவும் அமைக்கலாம்.

செயல்பாடு 2: ஒரே கேள்வி, நான்கு வழி (6 முதல் 10-ஆம் வகுப்பு)

“நம் பள்ளி நூலகத்துக்கு அடுத்து எந்த வகை நூல்கள் அதிகம் வேண்டும்: கதை, அறிவியல், விளையாட்டு?” இக்கேள்வியை நான்கு குழுக்கள் நான்கு விதமாகக் கேட்கட்டும்.

முதல் குழு: நூலகத்தில் இருக்கும் மாணவர்களை மட்டும் கேட்கும்.
இரண்டாம் குழு: காலை மணி அடிக்கும் முன் விளையாட்டு மைதானத்தில் இருப்பவர்களைக் கேட்கும்.
மூன்றாம் குழு: ஒரு பெட்டி வைக்கும், விரும்பியவர்கள் சீட்டு போடலாம்.
நான்காம் குழு: வருகைப் பதிவேட்டில் 1 முதல் 10 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பத்தாவது பெயரையும் கேட்கும். அன்று வராதவர்களை மறுநாள் தேடிச் சென்று கேட்க வேண்டும்.

நான்கு முடிவுகளையும் சுவரில் ஒட்டிய பின், எல்லா மாணவர்களிடமும் சீட்டு வாங்கி எண்ணுங்கள். எந்தக் குழு உண்மைக்கு அருகில் இருந்தது? மற்றவை ஏன் விலகின? நான்காம் குழுவே ஒவ்வொரு முறையும் முதலிடம் பெறும் என்று உறுதி சொல்ல முடியாது. அப்படி நேராவிட்டால் அதையும் பேசுங்கள். குலுக்கலிலும் பிழை உண்டு. ஆனால் அந்தப் பிழையின் அளவை முன்கூட்டியே கணக்கிட முடியும்.

செயல்பாடு 3: அதிக வாக்கு பெற்றும் தோற்பது எப்படி? (9, 10-ஆம் வகுப்பு)

ஒரு பள்ளியில் ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 40 பேர். ஒரு பிரிவில் முந்துபவருக்கு அப்பிரிவின் ஒரு புள்ளி. அ பெற்ற வாக்குகள்: 21, 21, 21, 10, 10. ஆ பெற்றவை: 19, 19, 19, 30, 30. மொத்த வாக்கில் ஆ 117, அ 83. ஆனால் புள்ளிகளில் அ 3-க்கு 2 என்று வெல்கிறார். இதே முடிவைத் தரும் வேறு எண்களை மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும். அ மிகக் குறைந்த வாக்கு பெற்று வெல்ல முடிவது எத்தனை வாக்கில்? மூன்று பிரிவுகளில் தலா 21, மற்ற இரண்டில் சுழியம். 63 வாக்கே போதும் என்ற விடைக்கு அவர்களே வந்துசேர்வார்கள்.

கவனிக்க வேண்டியவை

• நம் நாட்டு அரசியல் கட்சிகளையோ வேட்பாளர்களையோ வைத்து வகுப்பில் கணிப்பு நடத்த வேண்டாம். குழந்தைகளின் பதில் வீட்டின் பதிலாக எடுத்துக்கொள்ளப்படும்.
• சீட்டில் பெயர் எழுதக் கூடாது. யார் என்ன எழுதினார் என்பதைக் கண்டறிய முயலக் கூடாது.
• பதில் சொல்ல விரும்பாத மாணவரை வற்புறுத்த வேண்டாம். எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் முடிவோடு சேர்த்து எழுதப் பழக்குங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஒரு தொலைக்காட்சி, “எங்கள் எண்ணுக்கு 5 லட்சம் பேர் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், 80 விழுக்காட்டினர் ஆம் என்கிறார்கள்” என்கிறது. இதை ஏற்பீர்களா? ஏன்?
2. 900 பேரைக் கொண்ட சமவாய்ப்பு மாதிரியில் ஒருவருக்கு 51 விழுக்காடு ஆதரவு. அவர் வெல்வார் என்று சொல்லலாமா? பிழை வரம்பைக் கணக்கிட்டு விடை தருக.
3. மழை பெய்ய 30 விழுக்காடு வாய்ப்பு என்றார்கள், மழை பெய்தது. கணிப்பு தவறா?

நம் வகுப்பறையில் பதில் சொல்லாதவர்கள்

இந்தப் பாடம் மாணவர்களுக்கு மட்டுமானதல்ல. நாமும் நாள்தோறும் கணிப்பு நடத்துகிறோம். பாடம் முடிந்ததும் “புரிந்ததா?” என்று கேட்கிறோம். “புரிந்தது” என்ற குரல் எழுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் அக்குரல் பத்துப் பேருடையதாக இருக்கலாம். கேள்வி கேட்டதும் உயரும் கைகள் பெரும்பாலும் அதே ஆறேழு கைகள். புரியாதவர்கள் கையை உயர்த்துவதில்லை. ஆகவே உயர்ந்த கைகளை வைத்து வகுப்பின் நிலையைக் கணித்தால், 76 லட்சம் பேரின் மௌனத்தை எண்ணாமல் விட்ட டைஜஸ்டின் கணக்கையே நாமும் போடுகிறோம். அடுத்த பாடத்துக்குப் போகலாமா வேண்டாமா என்ற முடிவு அதன்மேல்தான் நிற்கிறது.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கிறோம். அன்று கூலி வேலையை விட்டு வர முடியாத பெற்றோரின் குழந்தைக்குத்தான் அந்த முடிவு பெரும்பாலும் தேவைப்படும். வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறோம். திறன்பேசி இல்லாத வீடு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

தீர்வுகள் எளியவை, செலவில்லாதவை. ஒவ்வொரு மாணவர் பெயரையும் ஐஸ் குச்சியில் எழுதி ஒரு குவளையில் போட்டு, குலுக்கி எடுத்துக் கேள்வி கேட்கலாம். தெரியாது என்று சொல்வது தவறல்ல என்ற பழக்கம் முதலில் வர வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். சிலேட்டில் விடை எழுதி எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்தலாம். பாடவேளையின் கடைசி மூன்று நிமிடத்தில், பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் ‘எது புரியவில்லை’ என்று ஒரு வரி எழுதி வாங்கலாம். பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்களின் பட்டியலை எடுத்து, அதில் ஐந்து பேரையாவது தொலைபேசியிலோ நேரிலோ கேட்டுவிட்டு முடிவை எழுதலாம்.

இந்த வாரம் ஒரே ஒரு பாடவேளையில் இதைச் செய்து பாருங்கள். “புரிந்ததா?” என்று கேட்டு, வந்த பதிலை வைத்து எத்தனை விழுக்காட்டினருக்குப் புரிந்திருக்கும் என்று உங்கள் கணிப்பை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சிலேட்டில் ஒரு வினாவுக்கு எல்லோரையும் விடை எழுதச் சொல்லி எண்ணுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் குறித்து வைத்து, அடுத்த நாள் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.